எந்தப் புத்தகத்தில் தொடங்குவது? துறை தெரிந்தவர்களிடம் இணையத்தில் கேட்கும் முறை

பி.எஸ்சி. கணிதம் முடித்துப் பத்து வருடம் ஆன பிறகு, கல்லூரியில் பயந்து பயந்து கடந்துவந்த ரியல் அனாலிசிஸை (நுண்கணிதத்தின் அடிப்படைகளை நிரூபணத்தோடு படிக்கும் பாடம்) ஒழுங்காகப் படித்துவிட வேண்டும் என்று ஆசை வந்தது. ‘கட்டாயம் படிக்க வேண்டிய பத்துக் கணித நூல்கள்’ என்ற மாதிரி ஒரு பட்டியல் கண்ணில் பட்டது. வால்டர் ரூடின் எழுதிய நூல் அதில் முதலில் இருந்தது. 1953-இல் முதல் பதிப்பு வந்து, இன்றும் பல நாடுகளில் பாடமாக இருக்கிற நூல். நம்பி வாங்கினேன். இரண்டாம் அத்தியாயத்தைத் தாண்ட முடியவில்லை. நமக்குக் கணக்கு வராது என்று முடிவு கட்டி, புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டேன்.

சில மாதம் கழித்து, மேத்தமேட்டிக்ஸ் ஸ்டேக் எக்ஸ்சேஞ்ச் என்ற கேள்வி-பதில் தளத்தில், என்னைப் போலவே ஒருவர் கேட்டிருந்த பழைய கேள்வி கிடைத்தது. பதில் எழுதியவர்கள் எல்லாரும் ரூடினைப் பாராட்டினார்கள். கூடவே ஒன்றைச் சொன்னார்கள்: அவர் நிரூபணங்களை மிகச் சுருக்கமாக எழுதுவார், இடையில் இருக்கும் படிகளை வாசகரே போட்டுக்கொள்ள வேண்டும், படம் போட்டு விளக்கும் வழக்கம் அவருக்கு இல்லை, பக்கத்தில் ஆசிரியர் இருந்தால்தான் முதல் வாசிப்புக்கு அது சரிப்படும். தனியாகப் படிப்பவர் ஸ்டீஃபன் அபட்டிலோ டெரன்ஸ் டாவோவிலோ தொடங்கிவிட்டு ரூடினுக்கு வரலாம் என்றார்கள். டாவோவின் நூலை வெளியிட்டதே டெல்லியில் இருக்கிற ஹிந்துஸ்தான் புக் ஏஜென்சிதான். இந்தியப் பதிப்பு என்பதால் விலையும் கட்டுப்படியானது. அதை வாங்கிப் படித்தேன், நகர்ந்தது.

அந்தப் பட்டியல் பொய் சொல்லவில்லை. நல்ல புத்தகத்தைத்தான் சொன்னது. ஆனால் அது யாருக்கான புத்தகம், எதற்காக, அதில் என்ன குறை என்ற மூன்றையும் சொல்லவில்லை. இந்த மூன்றும் இருந்தால்தான் அது பரிந்துரை, இல்லாவிட்டால் வெறும் பெயர். இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லக்கூடிய ஆட்களை இணையத்தில் எங்கே தேடுவது, எப்படிக் கேட்பது, வந்த பதிலை எப்படிச் சரிபார்ப்பது என்பதைப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒரு தாள் எடுங்கள்

எந்தத் தளத்துக்கும் போவதற்கு முன் நான்கு வரி எழுதிக்கொள்ளுங்கள். இந்தத் துறையில் இதுவரை என்ன படித்திருக்கிறீர்கள்? இப்போது எதற்காகப் படிக்கப் போகிறீர்கள்: தேர்வுக்கா, வேலைக்கா, சொந்த ஆர்வத்துக்கா? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும்? எவ்வளவு செலவு செய்ய முடியும்?

சாதாரண விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் ‘பொருளாதாரம் படிக்க வேண்டும்’ என்பதற்கும், ‘பட்ஜெட் செய்தியைப் படித்தால் புரிய வேண்டும், கணக்குப் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது’ என்பதற்கும் வரும் பதில்கள் வேறு வேறு. முதல் கேள்விக்குக் கல்லூரிப் பாடநூல்களை அடுக்குவார்கள். இரண்டாவதற்கு அளவான ஒரே ஒரு புத்தகத்தைச் சொல்வார்கள்.

எந்தத் துறைக்கு எந்த வாசல்

எல்லாத் துறைக்கும் ஒரே இடம் என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு துறையில் இருப்பவர்களும் ஒவ்வோர் இடத்தில் கூடுகிறார்கள், அங்கங்கே பழக்கவழக்கமும் வேறு.

கணிதத்துக்கு மேலே சொன்ன மேத்தமேட்டிக்ஸ் ஸ்டேக் எக்ஸ்சேஞ்ச் நல்ல தொடக்கம். அங்கே ஒவ்வொரு கேள்விக்கும் டேக் என்ற அடையாளச் சொல் போடுவார்கள். ‘புக் ரெகமண்டேஷன்’, ‘ரெஃபரன்ஸ் ரிக்வெஸ்ட்’ என்ற இரண்டு டேக்குகளைத் திறந்தால் பல வருடக் கேள்விகள் வரிசையாகக் கிடக்கும். அதோடு உங்கள் பாடத்தின் டேக்கையும் சேர்த்துத் தேடுங்கள். மேத் ஓவர்ஃப்ளோ என்று இன்னொரு தளம் 2009-லிருந்து இருக்கிறது. அது ஆராய்ச்சியாளர்களுக்கானது. படிக்கலாம், ஆனால் ஆரம்பநிலைக் கேள்வியை அங்கே போட்டால் மூடிவிடுவார்கள். அமெரிக்கக் கணிதச் சங்கங்களில் ஒன்றான எம்.ஏ.ஏ. கல்லூரி நூலகங்களுக்காக ஒரு அடிப்படை நூற்பட்டியல் வைத்திருக்கிறது. ஒவ்வொரு நூலும் நூலகத்துக்கு எவ்வளவு அவசியம் என்பதை நட்சத்திரம் போட்டுக் காட்டுவார்கள். மூன்று நட்சத்திரம் என்றால் இல்லாமல் முடியாது என்று பொருள். கடைத் தளங்களின் நட்சத்திரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

இயற்பியலுக்கான ஸ்டேக் எக்ஸ்சேஞ்சில் எனக்குப் பிடித்த விதி ஒன்று இருக்கிறது. புத்தகப் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போகக் கூடாது. அது எந்த நடையில் இருக்கிறது, எதையெல்லாம் சொல்கிறது, படிக்க முன்பே என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று எழுத வேண்டும். இவை இல்லாத பதில் நீக்கப்படும். இது போக, 1999-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஜெரார்ட் ’ட் ஹூஃப்ட், கோட்பாட்டு இயற்பியல் கற்க விரும்புகிறவர் எதற்குப் பின் எதைப் படிக்க வேண்டும் என்று ஒரு நீண்ட வரிசையைத் தன் பக்கத்தில் இலவசமாக வைத்திருக்கிறார். அந்த வரிசைக்காகவே அதைப் பார்க்க வேண்டும். பள்ளிக் கணக்கிலிருந்து தொடங்குகிறது.

வரலாற்றுக்கு ரெடிட் என்ற விவாதத் தளத்தில் ‘ஆஸ்க் ஹிஸ்டோரியன்ஸ்’ குழு. ரெடிட் என்றதும் வெட்டி அரட்டை என்று சிலர் நினைப்பார்கள். இந்தக் குழுவில் அப்படி நடக்க விடமாட்டார்கள். இரண்டு வரியில் அவசரமாக எழுதிய பதிலைக் குழுவைக் கண்காணிக்கும் மாடரேட்டர்கள் நீக்கிவிடுவார்கள். யார் கேட்டாலும் ஆதாரம் காட்ட வேண்டும். தொடர்ந்து நல்ல பதில் எழுதித் தன் அறிவை நிரூபித்தவர்களின் பெயருக்குப் பக்கத்தில் அவர்களின் துறை குறிக்கப்பட்டிருக்கும். குழுவின் விக்கி என்ற தகவல் பக்கத்தில் நாடு வாரியாக, காலம் வாரியாக நூற்பட்டியல் இருக்கிறது. பெரும்பாலான நூலுக்குக் கீழே ஓரிரு வரிக் குறிப்பும் உண்டு. கேள்வி கேட்பதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

தத்துவத்துக்கு அதே ரெடிட்டில் ‘ஆஸ்க் ஃபிலாசஃபி’ குழு. ஒப்புதல் பெற்ற உறுப்பினர்கள் மட்டும்தான் அங்கே கேள்விக்கு நேரடியாகப் பதில் எழுத முடியும். ஆனால் தத்துவத்தில் கேள்வி கேட்கும் அவசியமே பல சமயம் வராது, ஸ்டான்ஃபோர்டு தத்துவக் கலைக்களஞ்சியம் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. 1995-லிருந்து நடக்கிறது, இலவசம். ஒவ்வொரு கட்டுரையையும் அந்தப் பொருளில் ஆய்வு செய்தவர் எழுதுகிறார், இன்னொரு அறிஞர் சரிபார்க்கிறார். தலைப்புக்குக் கீழே முதலில் வெளியான தேதியும் கடைசியாகத் திருத்திய தேதியும் இருக்கும். கட்டுரை கனமாக இருந்தால் விட்டுவிடுங்கள். நேராகக் கடைசிக்குப் போய் நூற்பட்டியலைப் பாருங்கள். கட்டுரைக்குள் திரும்பத் திரும்ப வரும் இரண்டு மூன்று பெயர்களை அந்தப் பட்டியலில் கண்டுபிடித்தால் தொடங்க வேண்டிய இடம் தெரிந்துவிடும்.

பொருளாதாரத்துக்கும் ரெடிட்டில்தான், ‘ஆஸ்க் எகனாமிக்ஸ்’ குழு. அங்கே புதியவர்கள் எழுதும் பதில் மாடரேட்டர் பார்த்து அனுமதித்த பிறகே வெளியே தெரியும். கேள்வி போட்டு ஒரு மணி நேரத்தில் பதில் வரவில்லையே என்று தவிக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. நிரல் எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஸ்டேக் ஓவர்ஃப்ளோவில் புத்தகம் கேட்கக் கூடாது. அந்தத் தளத்தின் விதிப்படி அது மூடப்படும் கேள்வி. ஸ்டேக் எக்ஸ்சேஞ்ச் என்ற ஒரே குடும்பத்துத் தளங்களுக்குள்ளேயே ஒன்று அனுமதிப்பதை இன்னொன்று அனுமதிக்காது. எங்கே போனாலும் முதலில் விதிப் பக்கத்தைப் படித்துவிடுவது நல்லது, ஐந்து நிமிடம் போதும்.

ஆசிரியர் வகுப்பில் எதைக் கொடுக்கிறார்?

யாரிடமும் வாய் திறந்து கேட்கத் தயக்கமாக இருக்கிறவர்களுக்கு இது மிக நல்ல வழி. ஒரு பேராசிரியர் தன் மாணவர்களுக்கு ஒரு நூலைப் பாடமாக வைத்தால், அடுத்த நான்கு மாதம் அதன் குறைகளோடு அவரும் வாழ வேண்டும். அதனால் பாடத்திட்டத்தில் இருக்கும் நூலுக்குத் தனி மதிப்பு உண்டு.

எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் தன் பாடங்களை இலவசமாக வைத்திருக்கும் ஓப்பன் கோர்ஸ்வேர் தளத்தில் பாடத்தின் பெயரைப் போட்டு சிலபஸையும் வாசிப்புப் பட்டியலையும் பாருங்கள். நம் நாட்டில் ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் பாடத் திட்டம் இருக்கிறது. அதன் பாடங்கள் மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில் வரும்போது பாடப் பக்கத்திலேயே நூல்களைக் குறிப்பிடுவார்கள். இந்தியாவில் கிடைக்கிற பதிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பது கூடுதல் நன்மை. ‘ஓப்பன் சிலபஸ்’ என்ற திட்டம் பல லட்சம் பாடத்திட்டங்களைத் திரட்டி, எந்த நூல் எத்தனை வகுப்புகளில் வைக்கப்பட்டிருக்கிறது, எதோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது என்று காட்டுகிறது.

சிலபஸைப் படிக்கும்போது ‘டெக்ஸ்ட்’ என்று இருப்பதையும் ‘ரெஃபரன்ஸ்’ என்று இருப்பதையும் பிரித்துப் பாருங்கள். முதலாவது வகுப்பில் பக்கம் பக்கமாக நடத்துவது. இரண்டாவது, சந்தேகம் வந்தால் புரட்டுவது. ரெஃபரன்ஸ் நூலை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கித்தான் பலர் சோர்ந்து போகிறார்கள். இன்னொன்று: சில பாடத்திட்டங்களில் முப்பது வருடத்துக்கு முன் போட்ட பட்டியல் அப்படியே தொடரும். வாரம் 1, வாரம் 2 என்று அத்தியாய எண்ணோடு குறிப்பிட்டிருந்தால், ஆசிரியர் அந்த நூலை உண்மையிலேயே பயன்படுத்துகிறார் என்று நம்பலாம்.

பழைய பதில்களை வாசிப்பது

நீங்கள் கேட்க நினைப்பதை ஏற்கெனவே யாராவது கேட்டிருப்பார்கள். தேடுபொறியில் பாடத்தின் பெயரோடு தளத்தின் பெயரையும் சேர்த்துத் தட்டினால் வந்துவிடும். ஆனால் வோட்டுக் கணக்கை மட்டும் பார்த்து மேலே இருப்பதை எடுத்துக்கொள்ளாதீர்கள். முதலில் எழுதிய பதில் அதிக நாள் அங்கே இருக்கிறது, அதனால் அதிக வோட்டு வாங்குகிறது. 2011-இல் எழுதியது முதலிடத்தில் நிற்கும். 2022-இல் வந்த ஒரு நல்ல பதில் கீழே எங்கோ கிடக்கும். தேதி வாரியாகவும் ஒருமுறை அடுக்கிப் பாருங்கள்.

பதிலுக்குக் கீழே இருக்கும் சின்னச் சின்னக் குறிப்புகளைத் தவறாமல் படியுங்கள். ‘நான்காவது அத்தியாயம் வரைதான் நன்றாக இருக்கிறது’, ‘பயிற்சிக் கணக்குகளுக்கு விடை இல்லை’, ‘மூன்றாம் பதிப்பில் பிழை அதிகம்’ என்பதெல்லாம் அங்கேதான் வரும். புத்தகத்தோடு உட்கார்ந்து மல்லுக்கட்டியவர்தான் இப்படி எழுத முடியும். எந்தக் குறையும் சொல்லாமல் ஆகா ஓகோ என்று மட்டும் எழுதியிருந்தால், எழுதியவரின் பெயரைச் சொடுக்கி அவருடைய மற்றப் பதிவுகளையும் பாருங்கள். எல்லா இடத்திலும் அதே ஒரு புத்தகத்தைத்தான் சொல்கிறார் என்றால் விஷயம் புரிந்துவிடும்.

கேள்வி எழுதும் விதம்

தேடியும் கிடைக்கவில்லை என்றால் கேளுங்கள். கூச்சப்பட ஒன்றும் இல்லை. ஆங்கிலம் தடுமாறினாலும் யாரும் பொருட்படுத்துவதில்லை, கேட்பது தெளிவாக இருந்தால் போதும்.

என் அக்கா மகள் தாவரவியல் முதலாண்டு. புள்ளியியல் தாள் அவளைப் படுத்தியது. அவள் முதலில் எழுதி வைத்திருந்த கேள்வி ஒரே வரி: ‘புள்ளியியலுக்கு நல்ல புத்தகம் எது?’ இரண்டு பேரும் உட்கார்ந்து அதை மாற்றி எழுதினோம். ஆங்கிலத்தில் போட்டதைத் தமிழில் தருகிறேன்:

“நான் தாவரவியல் முதலாண்டு மாணவி. பள்ளியில் கணிதம் படித்தேன், நுண்கணிதம் பாதி மறந்துவிட்டது. சராசரி, திட்ட விலக்கம் தெரியும். நிகழ்தகவுப் பரவல் என்ற இடத்திலிருந்து புரியவில்லை. கல்லூரி நூலகத்தில் இருக்கும் பாடநூலில் சூத்திரத்தைக் கொடுத்துவிட்டு நேராகக் கணக்குக்குப் போய்விடுகிறார்கள், அந்தச் சூத்திரம் ஏன் வந்தது என்று தெரியவில்லை. செடிகளின் உயரம், விதை முளைப்பு போன்ற உதாரணங்களோடு விளக்கும் நூல் வேண்டும். மென்பொருள் பயிற்சி நூல் இப்போது வேண்டாம். இந்தியாவில் கிடைப்பதாகவோ, ஆசிரியரே இலவசமாகக் கொடுத்திருப்பதாகவோ இருந்தால் நல்லது.”

இதில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். தெரிந்தது எது, எந்த இடத்தில் தடுக்கியது, ஏற்கெனவே பார்த்த நூல் ஏன் போதவில்லை, என்ன வேண்டாம், எப்படிக் கிடைத்தால் நல்லது. ‘நிகழ்தகவுப் பரவலிலிருந்து புரியவில்லை’ என்ற வாக்கியம்தான் உயிர்நாடி. அதைப் படித்த ஒருவர், புத்தகத்தைச் சொல்வதற்கு முன் அவளிடம் திருப்பி ஒரு கேள்வி கேட்டார்: சேர்மானங்களும் வரிசைமாற்றங்களும் உனக்கு நன்றாக வருமா? வராது என்றாள். சரி, முதலில் அதற்கு ஒரு வாரம் கொடு என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் நூல் பெயரைச் சொன்னார். நல்ல இடத்தில் கேட்டதன் பலன் இது.

நேரமும் பாருங்கள். இந்தத் தளங்களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருப்பவர்கள் நிறையப் பேர். நம் காலையில் போட்டால் பாதிப் பேர் தூக்கத்தில் இருப்பார்கள். நம் மாலை ஏழு, எட்டு மணி என்றால் அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை, ஐரோப்பாவில் பிற்பகல்.

இலவச பிடிஎஃப் லிங்க் யாராவது தாருங்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். காப்புரிமையை மீறுகிற லிங்கை இந்தக் குழுக்கள் அனுமதிக்காது. பதில் சொல்ல வந்தவரும் ஒதுங்கிப் போய்விடுவார்.

வந்த பெயரைச் சரிபார்த்தல்

இப்போது இந்த வேலை முன்னைவிட அவசியமாகிவிட்டது. 2025 மே மாதம் ‘சிகாகோ சன் டைம்ஸ்’ நாளிதழோடு வந்த கோடைக்கால வாசிப்புப் பட்டியலில் 15 நூல்கள் இருந்தன. அவற்றில் 10 நூல்கள் உலகத்தில் இல்லவே இல்லை. எழுத்தாளர் பெயர்கள் நிஜம், தலைப்புகளைச் செயற்கை நுண்ணறிவு இட்டுக்கட்டியிருந்தது. சாட்பாட்டிடம் நீங்கள் புத்தகம் கேட்டாலும் இதே ஆபத்து உண்டு. அதனால் யார் சொன்ன பெயராக இருந்தாலும், உலக நூலகங்களின் இருப்பைக் காட்டும் வேர்ல்டுகேட்டில் தேடுங்கள். உண்மையான கல்வி நூல் என்றால் ஏதாவது ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கும். எங்கேயுமே இல்லை என்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள். நூல் உண்மையில் இருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு: விக்கிப்பீடியாக் கட்டுரைகளை அப்படியே அச்சடித்து அட்டை போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். உள்பக்கத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

அடுத்தது பதிப்பு. துறைக்குத் துறை இது மாறும். ரூடினின் கணிதம் அப்படியே நிற்கும், பழைய பதிப்பைப் பாதி விலைக்கு வாங்கலாம். சட்டத்தில் அது நடக்காது. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதற்கு முந்தைய குற்றவியல் சட்ட நூலை இன்று தேர்வுக்குப் படிப்பவர் பிரிவு எண்களிலேயே மாட்டிக்கொள்வார். மருத்துவமும் கணினியும் அதே போலத்தான்.

மூன்றாவதாக மதிப்புரை. ஆய்விதழ்களில் வரும் மதிப்புரையை அந்தத் துறைக்காரரே எழுதுவார். நூலின் பெயரோடு ‘ரிவ்யூ’ என்று சேர்த்து, ஆய்விதழ்களின் இணையக் களஞ்சியமான ஜேஸ்டோரில் தேடுங்கள். இலவசக் கணக்குத் தொடங்கினால் மாதம் 100 கட்டுரை வரை திரையில் படிக்கலாம். வரலாறு, இலக்கியம் போன்ற மனிதவியல் துறைகளுக்கு ஹெச்-நெட் தளத்தின் மதிப்புரைகள் இலவசம். அரசுக் கல்லூரியிலோ அரசுப் பல்கலைக்கழகத்திலோ படிக்கிறவர் என்றால், 2025-இல் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் சுமார் 13,000 ஆய்விதழ்கள் உங்களுக்குத் திறந்திருக்கின்றன. உங்கள் கல்லூரி நூலகரைக் கேளுங்கள், பல மாணவர்களுக்கு இது தெரியவே இல்லை.

பாராட்டும் மதிப்புரை ஒன்று, குறை சொல்லும் மதிப்புரை ஒன்று என்று இரண்டையாவது படியுங்கள். ஜாரெட் டைமண்டின் ‘கன்ஸ், ஜெர்ம்ஸ் அண்ட் ஸ்டீல்’ 1998-இல் புலிட்சர் பரிசு பெற்ற நூல், கடைகளில் இன்றும் முன்வரிசையில் இருக்கிறது. ஆனால் வரலாற்றாசிரியர்களும் மானுடவியலாளர்களும் அதன்மேல் கடுமையான விமர்சனம் வைத்திருக்கிறார்கள். ஆஸ்க் ஹிஸ்டோரியன்ஸ் குழுவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளில் அதற்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. அந்த விமர்சனத்தைத் தெரிந்துகொண்டு அந்த நூலைப் படிப்பது ஒரு அனுபவம், தெரியாமல் படித்து நம்பிவிடுவது வேறு.

சோழர் வரலாற்றை வைத்து ஒரு முயற்சி

நம் மக்கள் அதிகம் கேட்கும் கேள்வி என்பதால் இதை எடுத்துக்கொள்கிறேன். ‘சோழர்களைப் பற்றி ஒரு நல்ல புத்தகம்?’ என்றால் எல்லாரும் கே.ஏ.நீலகண்ட சாஸ்திரியைச் சொல்வார்கள். சரியான பதில்தான். 1930-களில் சென்னைப் பல்கலைக்கழக வெளியீடாக இரண்டு தொகுதிகள் வந்தன, தமிழிலும் மொழிபெயர்ப்பு இருக்கிறது. ஆனால் அங்கேயே நின்றுவிட்டால், வலுவான நிர்வாகமும் மையத்தில் குவிந்த அதிகாரமும் கொண்ட பேரரசு என்ற ஒரு சித்திரம்தான் மனதில் பதியும்.

1980-இல் பர்ட்டன் ஸ்டெயின் என்ற அமெரிக்க ஆய்வாளர் அந்தச் சித்திரத்தையே கேள்வி கேட்டார். மன்னரின் நேரடி அதிகாரம் மையப் பகுதியைத் தாண்டி அவ்வளவாகச் செல்லவில்லை, நாடுகள் என்ற உள்ளூர் அமைப்புகளிடம்தான் உண்மையான பிடி இருந்தது என்றார். அப்புறம் நொபொரு கராஷிமா என்ற ஜப்பானிய வரலாற்றாசிரியரும் கல்வெட்டு அறிஞர் எ.சுப்பராயலுவும் வேறு வழியில் வந்தார்கள். கல்வெட்டுகளில் வரும் ஊர்ப் பெயர்கள், ஆள் பெயர்கள், பதவிப் பெயர்கள், வரிப் பெயர்கள் எல்லாவற்றையும் தொகுத்து எண்ணிப் பார்த்து, எந்தக் காலத்தில் எது கூடியது, எது குறைந்தது என்று காட்டினார்கள். ஸ்டெயின் சொன்னதற்கு அதில் பதிலும் இருந்தது.

இந்த விவாதம் இருக்கிறது என்பது தெரிந்த பிறகு உங்கள் கேள்வியே மாறிவிடும். ‘சாஸ்திரியைப் படித்துவிட்டேன். சோழ அரசின் தன்மை பற்றி ஸ்டெயினுக்குப் பின் நடந்த விவாதத்தைச் சுருக்கமாகச் சொல்லும் நூல் எது?’ என்று கேட்டால், கராஷிமா பதிப்பித்து 2014-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட தென்னிந்திய வரலாற்று நூலை யாராவது சொல்வார்கள். எந்தத் துறையிலும் இதே முறைதான். அறிஞர்கள் எதில் மோதிக்கொள்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டால், இரண்டு தரப்புக்கும் ஒவ்வொரு நூல் என்று உங்கள் பட்டியல் தானாக உருவாகும்.

தமிழிலேயே படிக்க விரும்புகிறவர்களுக்கு: வரலாறு.காம் மின்னிதழின் பழைய இதழ்களில் கோயில்களையும் கல்வெட்டுகளையும் நேரில் போய் ஆய்ந்தவர்களின் கட்டுரைகள் இருக்கின்றன. கட்டுரையின் அடிக்குறிப்பில் வரும் நூல்களைக் குறித்துக்கொள்ளுங்கள். புதிய வெளியீடுகளை அறிய ‘புத்தகம் பேசுது’ மாத இதழ் உதவும். ஃபேஸ்புக்கில் தமிழ் வாசிப்புக் குழுக்கள் நிறைய. இலக்கியத்துக்கு அவை நல்ல இடம், மொழிபெயர்ப்புகளில் எது சரியாக வந்திருக்கிறது என்பதை அங்கேதான் வெளிப்படையாகச் சொல்கிறார்கள். அறிவியலுக்கும் வரலாற்றுக்கும் அங்கே கிடைக்கும் பெயரை மேலே சொன்ன சோதனைகளில் போட்டுப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

கைக்கு வருவது

வாங்குவதற்கு முன் இலவசமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஷெல்டன் ஆக்ஸ்லரின் நேரியல் இயற்கணித நூலின் நான்காம் பதிப்பு போல, ஆசிரியரே சட்டபூர்வமாக இலவசமாக வைத்திருக்கும் பாடநூல்கள் இப்போது நிறைய. பழந்தமிழ் நூல்களுக்கு 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், நாட்டுடைமையாக்கப்பட்டவற்றுக்கும் அரிய பழைய நூல்களுக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து வெளியீடுகளுக்கு நூலகம் திட்டம். இலங்கை பற்றி எதைப் படிப்பதாக இருந்தாலும் நூலகம் திட்டத்தின் தளத்தில் ஒருமுறை தேடாமல் விடாதீர்கள்.

அச்சில் வேண்டுமானால் சென்னையில் கன்னிமாரா, கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதி கன்னிமாராவுக்கு வர வேண்டும். அதனால் கடையில் கிடைக்காத இந்திய வெளியீட்டை அங்கே கேட்கலாம். விலை கொடுத்து வாங்கப் போகிற நூலை முதலில் இந்த நூலகங்களில் ஒரு மணி நேரம் புரட்டுங்கள். முன்னுரையில் ஆசிரியர் ‘இந்நூல் யாருக்காக’ என்று எழுதியிருப்பார். அதைப் படியுங்கள். அப்புறம் நடுவில் ஒரு அத்தியாயத்தைத் திறந்து மூன்று பக்கம் படியுங்கள். முதல் அத்தியாயம் எல்லா நூலிலும் எளிதாகத்தான் இருக்கும்.

படித்து முடித்ததும், நீங்கள் கேள்வி கேட்ட அதே இடத்துக்குத் திரும்பிப் போய், எது உதவியது, எந்த அத்தியாயத்தில் நின்றீர்கள் என்று நாலு வரி எழுதிவிடுங்கள். அக்கா மகள் எழுதினாள். ஆறாம் அத்தியாயம் கடினமாக இருந்தது, இன்ன காணொளியைப் பார்த்த பிறகு புரிந்தது என்று. இரண்டு மாதம் கழித்து விவசாயக் கல்லூரியில் படிக்கும் ஒருவர் அதன் கீழே நன்றி சொல்லிவிட்டு, ஏழாம் அத்தியாயம் எப்படி என்று அவளிடம் கேட்டிருந்தார்.